வரப்புச் சண்டை வழக்கானால்: வக்கீல் முதல் நாளே வேண்டும்

நடவுக்கு முன்னால் வரப்பில் அண்டை வெட்டும் நாட்களில் கிராமங்களில் ஒரு சண்டை தவறாமல் வரும். பக்கத்து நிலத்துக்காரர் ஒரு சாண் உள்ளே தள்ளி வெட்டிவிட்டார் என்று அது தொடங்கும். மடையைத் திருப்பியது, கிணற்றுத் தண்ணீர் முறை மாறியது, ஆடு புகுந்து கடலையை மேய்ந்தது, வண்டிப்பாதையில் முள்ளை வெட்டிப் போட்டது என்று காரணங்கள் வேறாகவும் இருக்கலாம். வாய்ச் சண்டை முற்றிக் கைகலப்பாகிறது. மண்வெட்டிக் காம்பு ஓங்கப்படுகிறது. ஒருவருக்கு மண்டையில் காயம். பொழுது சாய்வதற்குள் இரண்டு தரப்பும் காவல் நிலைய வாசலில் நிற்கின்றன.

அன்று இரவு ஊரில் எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான். "அண்ணே, இப்பவே வக்கீல் எதுக்கு? கேஸ் கோர்ட்டுக்கு வரட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

சிறு விவசாயிகளைக் கெடுத்த யோசனைகளில் இதற்கே முதல் இடம் கொடுக்கலாம். விதைத்த முதல் வாரத்தில் கவனிக்காத பயிருக்குப் பின்னால் எத்தனை மூட்டை உரம் போட்டும் பயனில்லை. குற்ற வழக்கும் அப்படியே. முதல் மூன்று நான்கு நாட்களில் எழுதப்படும் காகிதங்கள்தான் வழக்கின் வேர். புகார், ஆஸ்பத்திரிப் பதிவு, முதல் தகவல் அறிக்கை, கைதுக் குறிப்பு ஆகிய எல்லாம் அந்த நாட்களில் எழுதப்பட்டு விடுகின்றன. வக்கீல் வருவதோ ஆறு மாதம் கழித்து. அதற்குள் பசுமாடும், மனைவியின் தோடும், சில வேளைகளில் சண்டைக்குக் காரணமான நிலமே கூடக் கைமாறிப் போயிருக்கும்.

பணமில்லாதவனுக்கு முதல் நாளே வக்கீல் எங்கிருந்து வருவார் என்ற கேள்வி நியாயமானது. அதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அந்த வழி கிராமத்துக்கு வந்து சேரவில்லை என்பதுதான் குறை.

எந்தப் பிரிவில் வழக்கு?

நாற்பது ஐம்பது வயதைக் கடந்த விவசாயிகளுக்கு 294(பி), 323, 324, 506(2) என்ற எண்கள் பழக்கமானவை. தமிழ்நாட்டில் வரப்புச் சண்டை வழக்குகளில் இந்த நான்கும் வரிசையாக வரும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துள்ளது. அந்த நாளும் அதற்குப் பின்னும் நடந்த குற்றங்களுக்குப் புதிய எண்கள். அதற்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியதற்கு இப்போது 296-வது பிரிவு. 3 மாதம் வரை சிறை. கையால் அடித்துச் சாதாரணக் காயம் உண்டாக்கினால் 115(2). ஓர் ஆண்டு வரை சிறை. ஆபத்தான ஆயுதத்தால் காயம் உண்டாக்கினால் 118(1). 3 ஆண்டு வரை. கொன்றுவிடுவேன் என்று மிரட்டினால் 351(3). 7 ஆண்டு வரை. எலும்பு முறிந்தாலோ பல் விழுந்தாலோ அது கொடுங்காயம். அதற்கு 117(2); 7 ஆண்டு வரை.

இந்த எண்களைப் பார்த்தாலே ஒன்று விளங்கும். கையால் அடித்தாரா, மண்வெட்டியால் அடித்தாரா என்ற ஒரு சொல்லில் வழக்கின் கனம் பல மடங்கு மாறுகிறது. 115(2) மட்டும் என்றால் நடுவர் நீதிமன்றத்தின் உத்தரவில்லாமல் காவல்துறை புலனாய்வு செய்யவே முடியாது. மனு ரசீதோடு நிற்கும். அதோடு பெரிய பிரிவு ஒன்று சேர்ந்துவிட்டால் கைது வரை போகலாம். ஆகவே புகாரில் என்ன எழுதப்படுகிறது, காயத்தைப் பற்றி டாக்டர் என்ன எழுதுகிறார் என்பவை மிக முக்கியம்.

காயம் பட்டவர் எந்தத் தரப்பாக இருந்தாலும் உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே விபத்துப் பதிவேட்டில் நேரம், காயத்தின் அளவு, எத்தனை பேர் எதனால் அடித்தார்கள் என்று காயம்பட்டவர் சொன்னது எல்லாம் பதியப்படும். காவல் நிலையத்தில் பின்னால் யார் எதைக் கூட்டினாலும் குறைத்தாலும், அந்தப் பதிவேடு மாறாமல் இருக்கும். அடி வாங்கியும் கௌரவம் பார்த்து மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் இருப்பவர், எதிர்த் தரப்பு மட்டும் கொடுத்த புகாரில் தனிக் குற்றவாளியாக நிற்க வேண்டி வரும்.

சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதை வாய்ச் சண்டை என்று எண்ணிவிடக் கூடாது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மீது அது நடந்தால் 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். அந்த வழக்குகளில் முன்ஜாமீனுக்குச் சட்டமே தடை போட்டிருக்கிறது. நாக்கை அடக்குவது எந்த வக்கீலை விடவும் மேலான பாதுகாப்பு.

காவல் நிலையத்தில் கூப்பிட்டால்?

"ஸ்டேஷனுக்கு வரச் சொன்னாங்க" என்று ஆள் வந்து சொன்னதும் சிலர் ஊரை விட்டே ஓடிவிடுகிறார்கள். வேறு சிலர் பயந்துபோய் எதைச் சொன்னாலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். இரண்டுமே தவறு.

ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், வழக்குப் பதிவானதாலேயே கைது செய்துவிட முடியாது. கைது தேவை என்பதற்குக் காரணம் எழுதிவைக்க வேண்டும். தேவையில்லை என்றால், குற்ற விசாரணை முறைக்கான புதிய சட்டமாகிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவுப்படி எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து விசாரணைக்கு அழைக்க வேண்டும். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் கூறியிருக்கிறது. அறிவிப்பை மதித்து ஆஜராகி வருகிறவரை, தனியாகக் காரணம் எழுதாமல் கைது செய்யக் கூடாது. ஆகவே ஓடுகிறவர் தமக்கிருந்த பாதுகாப்பைத் தாமே வீசிவிட்டுப் போகிறார்.

அறுபது வயது தாண்டியவர்களும் உடல் நலிந்தவர்களும் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 3 ஆண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றங்களில் இவர்களைக் கைது செய்ய, துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும்.

காவல் நிலையத்தில் செய்யக் கூடாத காரியம் ஒன்று உண்டு. வெற்றுத் தாளிலோ, படித்துக் காட்டாத தாளிலோ கையெழுத்தோ கைநாட்டோ வைப்பதுதான் அது. விசாரணையில் எழுதப்படும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. போலீசாரிடம் சொன்ன குற்ற ஒப்புதலும் நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அரசியலமைப்பின் 20(3) பிரிவு. விசாரணையின் போது தாம் விரும்பும் வக்கீலைச் சந்திக்கவும் உரிமை உண்டு. விசாரணை முழுவதும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க முடியாவிட்டாலும், இடையில் பார்த்துப் பேசலாம்.

காவல் நிலையத்தில் நிலத்தைப் பற்றி "எழுதிக் கொடுத்துவிட்டுப் போ" என்று சொன்னால் அதற்கும் பணிய வேண்டியதில்லை. வரப்பு யாருடையது, பாதை யாருக்கு என்று தீர்ப்புச் சொல்ல காவல்துறைக்கு அதிகாரம் கிடையாது. அது சிவில் நீதிமன்றத்தின் வேலை. சண்டையைத் தடுப்பது மட்டும் காவல்துறையின் வேலை.

கைது செய்துவிட்டால்?

கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தார் ஒருவரையோ ஊரில் மதிப்புள்ள ஒருவரையோ சாட்சிக் கையெழுத்துப் போடச் செய்ய வேண்டும். கைதானவரும் அதில் கையெழுத்திடுவார். இந்த ஒரு கையெழுத்து முறையானது. நாள், நேரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடலாம். உறவினருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். இந்த நெறிகளை உச்ச நீதிமன்றம் 1996-ல் டி.கே. பாசு வழக்கில் வகுத்தது. இப்போது அவை சட்டத்திலேயே இடம் பெற்றுள்ளன. கைதுக்கான காரணத்தை எழுத்து மூலம், கைதானவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் அந்த நீதிமன்றமே கூறியது.

பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அடித்திருந்தால் அங்கே தயங்காமல் சொல்ல வேண்டும். "வக்கீல் இருக்கிறாரா?" என்று நடுவர் கேட்பார். "இல்லை ஐயா, அரசு வக்கீல் வைத்துக் கொடுங்கள்" என்று பதில் சொன்னால் போதும். தலையைக் குனிந்துகொண்டு சும்மா நிற்பதால்தான் பல ஏழைகள் ரிமாண்டில் போகிறார்கள்.

ஜாமீன் யாருக்கு?

ஜாமீனில் விடத்தக்க குற்றமானால் காவல் நிலையத்திலேயே ஜாமீனில் விட வேண்டும். அது உரிமை, யாருடைய தயவும் அல்ல. அதற்கென்று யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. ஜாமீன்தாரர் கிடைக்காமல் ஒரு வாரம் உள்ளே இருக்க நேர்ந்தால், அவர் வசதியற்றவர் என்று கருதிச் சொந்தப் பிணைப் பத்திரத்திலேயே விட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

ஜாமீனில் விடத்தகாத குற்றமானால் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். கைதாவதற்கு முன்பே அச்சம் இருந்தால் செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ முன்ஜாமீன் கேட்கலாம். உள்ளே போய்விட்டவர் விஷயத்தில், 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்கும் உரிமை பிறந்துவிடுகிறது. பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள பெரிய குற்றங்களுக்கு இது 90 நாள். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். 61-ம் நாள் மனுப் போட ஆள் இல்லாமல், 65-ம் நாள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போயிற்று. நாளை எண்ணிக்கொண்டிருக்க ஒரு வக்கீல் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

ஜாமீன் தொகை எட்டாத உயரத்தில் இருந்தால் குறைக்கும்படி கேட்கலாம். 1978-ல் மோத்திராம் என்ற கொத்தனாரின் வழக்கில், கீழ் நீதிமன்றம் 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டது. அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அந்த ஜாமீனையும் தள்ளியது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இது ஏழைக்குச் செய்யும் அநீதி என்று கண்டு, 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விட உத்தரவிட்டார். அந்தத் தீர்ப்பு இன்றும் ஏழைகளின் பக்கம் நிற்கிறது.

பணமில்லாதவனுக்கு வக்கீல் எங்கே?

1979-ல் பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களின் நிலைமை உசைனாரா காத்தூன் வழக்கின் மூலம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. தம் குற்றத்துக்குரிய முழுத் தண்டனைக் காலத்தையும் விட அதிக நாள் உள்ளே இருந்தவர்கள் அவர்களில் உண்டு. குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு இலவச வக்கீல் கொடுப்பது அரசின் கடமை என்று அந்த நீதிமன்றம் கூறியது. 1986-ல் சுக்தாஸ் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. வக்கீல் வேண்டும் என்று ஏழை வாய் திறந்து கேட்கவில்லை என்பது ஒரு சாக்கு ஆகாது. அந்த உரிமை உண்டென்று சொல்ல வேண்டியது நீதிமன்றத்தின் கடமை என்று கூறி, வக்கீல் இல்லாமல் கொடுத்த தண்டனையையே ரத்துச் செய்தது.

1987-ல் இயற்றப்பட்ட சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வட்ட நீதிமன்றங்களில் வட்டக் குழு இருக்கிறது. பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும், மாற்றுத் திறனாளிகளுக்கும், காவலில் இருப்போருக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வக்கீல் உண்டு. வெள்ளத்தாலும் வறட்சியாலும் பாதிக்கப்பட்டவர்களும் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள் என்பதை விவசாயிகள் கவனிக்க வேண்டும். மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போதும். இரண்டு மூன்று ஏக்கர் மானாவாரி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் இதற்குள் வந்துவிடுவார்கள். குற்ற வழக்குகளை மட்டும் நடத்த முழு நேர வக்கீல்களை அமர்த்தும் திட்டமும் 2022 முதல் மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. 15100 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் தொலைபேசியில் பேசி உதவி கேட்கலாம்.

இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று நடத்துவார் என்ற பேச்சு ஊரில் உண்டு. அதில் உண்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வாய்தாவுக்கு வராத இலவச வக்கீலும் உண்டு. வாய்தாவுக்கு வராத காசு வாங்கிய வக்கீலும் உண்டு. இலவச வக்கீல் சரியாகக் கவனிக்கவில்லை என்றால் ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுதிக் கொடுத்து வேறு வக்கீல் கேட்கலாம். அந்தச் செயலாளர் ஒரு நீதிபதி. காசு கொடுத்து வைத்த வக்கீலைப் பற்றி முறையிட அவ்வளவு பக்கத்தில் இடமில்லை. எப்படியிருந்தாலும், வக்கீலே இல்லாத முதல் நாளை விட இளம் வக்கீல் ஒருவர் இருக்கும் முதல் நாள் ஆயிரம் மடங்கு மேல்.

குற்றம் செய்தவனுக்கு அரசுப் பணத்தில் வக்கீலா என்று கேட்பவர்களும் உண்டு. குற்றம் செய்தாரா இல்லையா என்று முடிவு செய்வதற்குத்தான் வழக்கே நடக்கிறது. முடிவு தெரியும் முன்பே அவரைக் குற்றவாளி என்று சொல்வது, களை எது பயிர் எது என்று பார்க்காமல் மண்வெட்டியைப் போடுவது போன்றது.

மகன் பெயரும் சேர்ந்தால்

வரப்புச் சண்டைப் புகார்களில் ஊர் அறிந்த வழக்கம் ஒன்று உண்டு. சண்டையில் இருந்தவர் இருவர். புகாரில் ஐந்து பேர். பட்டணத்தில் படிக்கும் மகன் பெயரும், வெளியூரில் வேலைக்குப் போன தம்பி பெயரும் சேர்க்கப்படும். எதிரியின் வீட்டில் யாரும் தலை நிமிரக் கூடாது என்ற ஆத்திரமே இதற்குக் காரணம். இது பொய்ப் புகார். இப்படி எழுதிக் கொடுப்பவர் மீதும் வழக்கு வரும்.

மாட்டிக்கொண்ட வீட்டில் இதை அலட்சியமாக விடுகிறார்கள். "அவன் பேர் சும்மா சேர்த்திருக்கு, தானா விட்டுப்போயிடும்" என்று இருந்துவிடுகிறார்கள். காவல்துறை போன்ற அரசு வேலைக்கு மகன் தேர்வாகும் போது நடத்தை விசாரணை வருகிறது. அப்போது இந்த வழக்கு எதிரே வந்து நிற்கிறது. ஆகவே முதல் தகவல் அறிக்கையின் நகலை உடனே பெற வேண்டும். நுட்பமான சில வழக்குகள் நீங்கலாக, பதிவான 24 மணி நேரத்துக்குள் அதைக் காவல்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டிருக்கிறது. அதில் மகன் பெயர் இருந்தால், அன்று அவன் வேறிடத்தில் இருந்ததற்குக் கல்லூரி வருகைப் பதிவோ, பஸ் டிக்கெட்டோ, வேலை செய்த இடத்துப் பதிவோ எதுவானாலும் அப்போதே திரட்டி, புலனாய்வு அதிகாரிக்கு எழுத்து மூலம் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். இரண்டு ஆண்டு கழித்துத் தேடினால் டிக்கெட்டும் இருக்காது, சாட்சி சொல்பவருக்கு நினைவும் இருக்காது.

ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடலாமா?

"வாய்தாவுக்கு அலைவதை விட ஒப்புக்கொண்டு ஆயிரமோ இரண்டாயிரமோ கட்டிவிட்டு வா" என்று சொல்ல நீதிமன்ற வாசலில் ஆட்கள் உண்டு. குற்றத்தை ஒப்புக்கொள்வது என்றால் தண்டனை பெற்றவர் ஆவது என்று பொருள். அபராதத்தோடு அது தீர்ந்துவிடாது. பெயரோடு ஒட்டிக்கொண்டே வரும். வக்கீலைக் கேட்காமல் அந்த வார்த்தையைச் சொல்லவே கூடாது.

சமாதானம் வேறு, ஒப்புக்கொள்வது வேறு. கையால் அடித்தது, அத்துமீறி நுழைந்தது போன்ற சிறு குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் நீதிமன்றத்திலேயே சமரசம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அப்படி முடிந்தால் அது விடுதலை ஆகும். லோக் அதாலத்திலும் இத்தகைய வழக்குகளை முடித்துக்கொள்ளலாம். ஆனால் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டதாலேயே பதிவான வழக்கு மறைந்துவிடாது. அதை நம்பி வாய்தாவுக்குப் போகாமல் இருந்தவர்கள் வீட்டுக்குப் பிடிவாரண்டு வந்ததுண்டு. நடவோ அறுவடையோ குறுக்கிட்டால் வக்கீல் மூலம் அன்றைக்கு மட்டும் ஆஜராவதிலிருந்து விலக்குக் கேட்டு மனுக் கொடுக்கலாம். சொல்லாமல் நின்றுவிடுவதுதான் ஆபத்து.

அரசு செய்ய வேண்டியது

விவசாயி விழிப்பாக இருந்தால் மட்டும் போதாது. வரப்புச் சண்டையின் வேர் வரப்பில் இல்லை. அளக்காத எல்லையில் இருக்கிறது. கல் காணாமல் போன எல்லையைப் புலப்படத்தின்படி அளந்து காட்டும்படி, கட்டணம் செலுத்தி விவசாயி மனுச் செய்யலாம். சர்வேயர் வர மாதக்கணக்கானால், அதற்குள் மண்வெட்டி அளந்துவிடுகிறது. குறித்த நாளுக்குள் அளந்து கல் நட்டுக் கொடுத்தால் பல வழக்குகள் பிறக்கவே பிறக்காது. ஒரு சர்வேயரை அதிகமாக நியமிப்பது, நூறு பேரை நீதிமன்றத்துக்கு அலைய விடுவதை விட மலிவு.

அடுத்து, 15100 என்ற எண்ணும், இலவச வக்கீல் உரிமையும், காவல் நிலையச் சுவரிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் பால் சொசைட்டியிலும் பெரிய எழுத்தில் எழுதப்பட வேண்டும். நீதிமன்றத்தில் மட்டும் எழுதி வைப்பது, அறுவடை முடிந்த பிறகு விதை நேர்த்தியைப் பற்றிச் சொல்வது போல. கைது செய்த உடனே, உறவினருக்குச் சொல்வது போலவே சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் சொல்வது எல்லாக் காவல் நிலையங்களிலும் வழக்கமாக வேண்டும். சட்டப் பணிகள் குழுக்களும் முகாம்களை நகர மண்டபங்களில் நடத்துவதை விட, அண்டை வெட்டும் பருவத்துக்கு முன்னால் கிராமத்தில் நடத்தினால் பலன் அதிகம்.

விவசாயிகள் சங்கங்கள் பயிர்க் கடனுக்கும் கொள்முதல் விலைக்கும் போராடுகின்றன. உறுப்பினர் ஒருவர் மீது வழக்கு வந்த அன்றைக்கே ஆணைக்குழு அலுவலகத்துக்கு அழைத்துப் போக ஓர் ஆளை ஒவ்வொரு கிளையும் நியமித்தால் அதற்குச் செலவு பஸ் கட்டணம் மட்டுமே.

எல்லாவற்றுக்கும் மேலாக, வழக்கே வேண்டாம் என்று இருப்பதுதான் உத்தமம். வரப்பை வெட்டிவிட்டார் என்றால் மண்வெட்டியை எடுக்கும் முன் புலப்படத்தை எடுத்துப் பார்க்கலாம். மனுக் கொடுத்து அளக்கச் சொல்லலாம். அவசரமானால் சிவில் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை கேட்கலாம். அதற்கும் இலவச வக்கீல் உண்டு. வழக்கில் தோற்றவன் கோர்ட்டில் அழுதான், வென்றவன் வீட்டுக்கு வந்து அழுதான் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தது அனுபவத்தில்தான்.

அதையும் மீறி வழக்கு வந்துவிட்டால், அடுத்த வீட்டுக்காரர் சொல்லும் "பாத்துக்கலாம்" என்ற வார்த்தையைக் கேட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். பசுவை விற்க ஆள் தேடுவதற்கு முன் வட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவைத் தேடிப் போக வேண்டும். அங்கே கிடைப்பது தர்மம் அல்ல. உழுது பயிரிட்டு இந்த நாட்டுக்குச் சோறு போடுகிறவனுக்கு அரசியலமைப்பு கொடுத்த பங்கு. தன் பங்குத் தண்ணீரை மடையில் நின்று கேட்டு வாங்குகிற விவசாயி, இந்தப் பங்கையும் கேட்டு வாங்கத் தயங்கக் கூடாது.